பழைய புரோப்போடு உட்கார்ந்திருக்கும் பையனின் அப்பாவுக்கு

அண்ணே, போன வாரம் மண்டபம் ஊரிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காயலான் கடைச் சாமானோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறானே, இது சோறு போடுமா என்று நீங்கள் கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குக் கூட்டம், சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் காட்டியது ஆசிலாஸ்கோப் புரோப். மின்சாரத்தின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி ஆசிலாஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப்; அளக்கும் இடத்தில் தொட்டு சிக்னலை அதற்குக் கொண்டுபோகும் கேபிள்தான் புரோப். உப்புக்காற்றில் கனெக்டரில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்திருக்கிறான், அது யாரும் செய்வது. ஆனால் கேபிள் அறுந்திருந்த இடத்தில் டிவி கேபிளை வெட்டி ஒட்டாமல், நுனியை மட்டும் நறுக்கிவிட்டு அதே கேபிளையே திரும்பச் சேர்த்திருக்கிறான் பாருங்கள், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கேபிளின் நடுக்கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு, வேண்டுமென்றே மின்தடை உள்ளதாகச் செய்தது. சாதாரணக் கேபிள் போட்டால் அலை திரையில் நடுங்கும். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தேடிப் படித்திருக்கிறான்.

அப்புறம் போனில் ஒரு வீடியோ. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, மூலை மழுங்கிக் கிடக்கிறது. பிளாஸ்டிக் குச்சியால் புரோப்பின் குட்டி ஸ்குருவை இம்மி திருகுகிறான், மூலை நேராகிறது. புரோப்புக்குள் 9 மெகாஓம் மின்தடை, ஸ்கோப்புக்குள் 1 மெகாஓம், அதனால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்கோப்புக்குப் போகும். கபாசிடர்களும் சிக்னலை அதே பத்தில் ஒரு பங்காகப் பிரித்தால்தான் வேகமான சிக்னலும் சரியாகத் தெரியும் என்று அவனே விளக்கினான்.

சரி, இனி உங்கள் கேள்வி. புரோப் ரிப்பேர் மட்டும் சோறு போடாது. சாதாரணப் புரோப் புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பழைய புரோப், மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் புரோப் மாதிரி விலை கூடியவற்றுக்குத்தான் ரிப்பேர் கட்டுப்படியாகும். சம்பளம் தருவது காலிபரேஷன். ஸ்குருவைத் திருகி அலையைச் சரிசெய்வதோடு அது முடிவதில்லை. நம்பகமான ஒரு கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகுகிறது, அந்தக் கணக்கிலேயே எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள், ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேச விதிப்படி இதைத்தான் செய்கின்றன. அங்கே நுழையக் கையில் சான்றிதழ் வேண்டும், அதை மட்டும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் என்பதால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் எடுக்கட்டும். பிறகு பி.இ. வேண்டுமென்றால் அதற்கும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் படிப்பான், ஆனால் இந்தக் கண் அவனிடம் மங்கிப்போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழைய ஸ்கோப்பின் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோது மூடியைக் கழற்றக் கூடாது. புரோப்பின் எர்த் கிளிப்பைக் கரண்ட் லைனில் மாட்டவே கூடாது.

இன்றைக்கே அவனுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, எந்தப் புரோப், திருகுவதற்கு முன் அளவு, திருகிய பின் அளவு, எந்தக் கருவியால் அளந்தான், எல்லாம் எழுதட்டும். இருபது பக்கம் நிறைந்ததும் அந்த நோட்டோடு என்னிடம் அனுப்புங்கள், விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.