கொல்லையில் கோழி வளர்க்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் நான்கு பேர். தினம் நாலு முட்டை செலவாகிறது. சொந்தமாகக் கோழி வைத்தால் மிச்சமாகுமா?

பதில்: முட்டைச் செலவைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வேண்டாம் என்றே சொல்வோம். முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்கள் முதல் ஆண்டில் 250 முதல் 300 வரை இடும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60, 80 கிடைத்தால் நல்லது. உங்கள் தேவைக்கு முட்டையினக் கோழி ஆறு வேண்டும். ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும் என்பதால் மாதம் 18 முதல் 22 கிலோ ஆகும். இறகு உதிர்க்கும் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் முட்டையே வராது, தீவனம் மட்டும் தொடரும். கூடு கட்டிய செலவையும் சேர்த்தால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் லாபம் பார்ப்பது அரிது.

அன்றன்று எடுத்த முட்டையும் தோட்டத்துக்கு எருவும் கிடைக்கும். கோழி என்ன தின்றது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவற்றுக்காகக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாக வளருங்கள்.

கேள்வி: பின்புறம் 10 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. எத்தனை வளர்க்கலாம்? கூடு எப்படி இருக்க வேண்டும்?

பதில்: ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, வெளி அடைப்பில் 10 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். உங்கள் இடத்தில் எட்டு வரை அடங்கும். ஐந்தாறோடு நிறுத்துவது நல்லது. நெருக்கடியில் ஒன்றின் இறகை ஒன்று கொத்தும். ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் அதே இடத்தைக் கொத்தும், சாகும்வரை விடாது. மூன்றுக்குக் குறைவாகவும் வைக்காதீர்கள். கோழி கூட்டமாக வாழும் பறவை. இரண்டில் ஒன்று செத்தால் மற்றது தனித்துவிடும்.

இரவில் உட்காரும் கட்டைக்கு இரண்டு அங்குல அகலச் சட்டம் போதும், ஓரங்களை மழுக்கிவிடுங்கள். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல நீளம் வேண்டும். இந்தக் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கோழிகள் உயரமான பெட்டியில் ஏறித் தூங்கி, எச்சத்தால் முட்டையைக் கெடுக்கும். பெட்டி எல்லாப் பக்கமும் ஒரு அடி. மூன்று நான்கு கோழிக்கு ஒன்று, இருட்டான மூலையில்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் வலைதான். கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும், எலி வலைக்கண் வழியாகவே நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். அதை ஒரு அடி ஆழம் புதையுங்கள். முடியாவிட்டால் சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஒரு அடி தரையில் படுக்கவைத்து மண் போடுங்கள். தோண்ட வரும் பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும். கீழே வலை தடுக்கும்போது பின்வாங்கி எட்டத் தோண்டத் தெரியாது. பருந்துக்கும் பூனைக்கும் மேலேயும் வலை வேண்டும். காற்றோட்டத் திறப்பு கோழியின் தலைக்கு மேல் இருக்கட்டும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. அந்த இடம் பழைய கட்டடம் இடித்த இடமா, பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரோரமா என்று பாருங்கள். மண்ணில் ஈயம் இருந்தால், கிளறித் தின்னும் கோழி வழியாக அது முட்டைக்கு வரும். சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதித்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டையிடுமா?

பதில்: இடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். அண்டை வீடு நெருங்கி இருந்தால் சேவலைத் தவிருங்கள். முட்டையிட்டதும் பெட்டையும் கேறும். ஆனால் பகலில், சிறிது நேரம்தான்.

கேள்வி: நாற்றமும் ஈயும் வரும் என்று பக்கத்து வீட்டில் அஞ்சுகிறார்கள்.

பதில்: கோழிக்கூடு நாறினால் அங்கே ஈரம் இருக்கிறது என்று பொருள். தரையில் நான்கு முதல் ஆறு அங்குலம் மரச்சீவலோ உமியோ பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. உலர்ந்ததைக் கலக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்ப் பாத்திரம்தான். அதைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிவைத்தால் சிந்துவது குறையும். குனிந்து கோழியின் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். அங்கே கண் எரிந்தால் அவற்றின் சுவாசக்குழாயும் கெடுகிறது.

கட்டைக்கு அடியில் பலகை வைத்து எச்சத்தை வாரம் இரண்டு முறை வழித்தெடுங்கள். வெப்பக் காலத்தில் ஈயின் முட்டை ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குள் அகற்றினால் ஈ பெருகாது. எடுத்ததைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். காய்ந்த இலையோடு சேர்த்து மக்கவிடுங்கள்.

கேள்வி: சமையலறை மிச்சத்திலேயே வளர்த்துவிடலாமா?

பதில்: முடியாது. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீவனத்தில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். ஓடு மெலியும், கால் தளரும். 16 முதல் 18 சதவீதம் புரதமும் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியமும் உள்ள முட்டைக்கோழித் தீவனமே முதன்மை உணவு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இதே தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுத்தால் மிகுதியான கால்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மிச்ச உணவு பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பூசணம் பிடித்தது, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்குத் தோல், அவகாடோ, வேகாத காய்ந்த பீன்ஸ் ஆகியவை கூடவே கூடாது. தண்ணீர் ஒரு கோழிக்குக் கால் லிட்டர், வெயிலில் இரு மடங்கு.

கேள்வி: மாதத்தில் மூன்று நான்கு நாள் வெளியூர் போவோம். தீவனத்தை நிரப்பிவிட்டுப் போகலாம் அல்லவா?

பதில்: தீவனம் பிரச்சினையில்லை. பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துக் கதவடைக்க ஆள் வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. கட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், தப்பியோடாது. அதனால்தான் கீரியோ நாயோ ஒரே இரவில் எல்லாவற்றையும் தீர்க்கிறது. தானாக மூடும் கதவுகள் உண்டு. ஆனால் ஒரு கோழி வெளியே தங்கிவிட்டதையோ தண்ணீர் கவிழ்ந்ததையோ அவை பார்க்காது. ஒவ்வொரு மாலையும் தவறாமல் வர ஒருவர் ஒப்புக்கொண்டால் வளருங்கள். அப்படி ஆள் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. நோய் தொற்றுமா?

பதில்: நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களைக் கோழியைத் தூக்க விடாதீர்கள், தள்ளி நின்று பார்க்கட்டும். கூட்டுக்கென்று தனிச் செருப்பு வையுங்கள், வந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். பல கோழிகள் திடீரென்று செத்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: முட்டை நின்ற பிறகு கோழியை என்ன செய்வது?

பதில்: வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. ஆண்டுக்கு ஆண்டு முட்டை குறையும், ஆனால் கோழி ஆறேழு ஆண்டு, அதற்கு மேலும் வாழும். கறிக்கா, கடைசிவரை காப்பாற்றவா? இரண்டும் நியாயமான முடிவே. குழந்தை பெயர் வைத்துக் கொஞ்சிய பிறகு அதை முடிவு செய்வதுதான் கொடுமை.

கேள்வி: குஞ்சு வாங்கலாமா, வளர்ந்தது வாங்கலாமா?

பதில்: முதல்முறை என்றால் 16 வாரம் ஆன விடைக்கோழி, அதாவது முட்டையிடத் தொடங்கவிருக்கும் இளம்பெட்டை. குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்; பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும், பழகாதவர்கள் இதில்தான் இழப்பார்கள். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே வயதில் வாங்குங்கள். கண் தெளிவாக, மூக்கு உலர்ந்து, ஆசனவாய் சுத்தமாக இருக்கட்டும். சிறகைத் தூக்கி இறகை விலக்கிப் பாருங்கள். செள் ஊர்ந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றுகூட எடுக்காதீர்கள்.