வாசகர் கேள்வி – பதில்: மலைக்குள் புகுந்த கடல்

கேள்வி: 2005-ஆம் ஆண்டு நம் நீலகிரி மலை ரயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, நார்வே நாட்டின் நேரோய்ஃபியோர்டும் சேர்க்கப்பட்டதாகப் படித்தேன். ஃபியோர்டு என்பது ஏரியா, ஆறா? அது எந்த ஊரைச் சேர்ந்தது? (வாசகர், குன்னூர்)

பதில்: ஏரியும் அல்ல, ஆறும் அல்ல, மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்து நிற்கும் கடல். பனியுகங்களில் மலைமேல் திரண்ட பனி, ஆறுபோல் மெல்ல நகர்ந்து, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்கும் வெகு கீழே வரை தேய்த்துக் குடைந்தது. பனி உருகிப் பின்வாங்கியபோது அந்தப் பள்ளங்களில் கடல்நீர் நிறைந்தது. கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள், அதன் அடியில் கடல் வந்து நிற்பதாக எண்ணிக்கொண்டால் தோற்றம் ஓரளவு மனத்தில் படியும். ஆனால் மாயாற்றை அறுத்தது தண்ணீர். அங்கே அறுத்தது பனி.

நார்வேயின் மிக நீளமான சொங்னெஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் செல்கிறது. அதன் ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டரை எட்டுகிறது. அதிலிருந்து தெற்கே பிரியும் கிளை அவுர்லாந்து ஃபியோர்டு. அதிலிருந்து மீண்டும் கிளைத்துச் செல்வதுதான் நேரோய்ஃபியோர்டு. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர் மட்டுமே. இந்த இரு கிளைகளின் கரைகளிலும் மலைகளிலுமாகப் பரந்திருப்பது அவுர்லாந்து ஊராட்சி.

கேள்வி: அத்தகைய செங்குத்தான இடத்தில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? (வாசகி, கோத்தகிரி)

பதில்: அவுர்லாந்தின் பரப்பு ஏறக்குறைய 1,470 சதுர கிலோமீட்டர், நம் நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கும் மேல். நம் மாவட்டத்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ, அங்கே வாழ்வோர் 2,000-க்கும் குறைவு. நார்வே முழுவதிலுமே உழுது பயிரிடத் தக்க நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கிவிடும். ஆறுகள் வண்டல் கொண்டுவந்து சேர்த்த ஃபியோர்டின் தலைப்பகுதியிலும், பாறைச் சரிவில் திட்டுகளாகக் கிடைத்த இடங்களிலும் பண்ணை வீடுகள் அமைந்தன. அவுர்லாந்து ஃபியோர்டுக்கு மேலே, பாறை விளிம்பில் இருக்கும் ஒரு பண்ணைக்கு ஸ்டிகன் என்றே பெயர். அந்தச் சொல்லுக்கு ஏணி என்று பொருள்.

கோடையில் ஆடுமாடுகளை உயர்ந்த மலைப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே சிறு மரக்குடில்களில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்துகொண்டு இலையுதிர் காலத்தில் இறங்குவது அவர்களின் பழைய வழக்கம். கறவை வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வறண்ட மாதங்களில் எருமைகளை ஓட்டிக்கொண்டு குந்தா பக்கத்து மந்துகளுக்கு (தோடர் குடியிருப்புகளுக்கு)ப் பெயரும் தோடர்களின் வாழ்க்கையை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உன்ட்ரெடால் என்னும் சிற்றூரில் இன்றும் மனிதரைவிட ஆடுகள் அதிகம். பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை மணிக்கணக்காகக் காய்ச்சி, நம் திரட்டுப்பால்போலப் பழுப்பேறும்வரை சுண்டவைத்து ஒரு கட்டி செய்கிறார்கள். வீணாகப் போகக்கூடிய நீரையும் குளிர்காலத்து உணவாக்கிய அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். அதே ஊரில் 1147-இல் கட்டியதாகக் கூறப்படும் சிறிய மரத் தேவாலயம் உள்ளது. அதில் 40 பேர் அளவில்தான் உட்காரலாம். அந்த ஊருக்குச் சாலை வந்தது 1988-இல். அதற்கு முன்பு படகு ஒன்றே வழி.

மூத்த பிள்ளைக்கே பண்ணை என்ற மரபில் இளையவர்களுக்கு நிலம் இல்லை. 1825 முதல் நூறாண்டுகளில் சுமார் 8 லட்சம் நார்வேயர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்; இந்த ஃபியோர்டுப் பகுதியிலிருந்து சென்றவர்கள் மிகப் பலர்.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊருக்குத் தனி ஆட்சியா? வருமானம் எங்கிருந்து? (வாசகர், கூடலூர்)

பதில்: 1837-இல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டத்தின்படி 1838 முதல் அவுர்லாந்து தன் சபையைத் தானே தேர்ந்தெடுத்து வருகிறது. பெரும் வருமானம் நீர்மின்சாரத்தால். 1970-களில் ஓஸ்லோ நகரத்துக்காக இங்கே பெரிய நீர்மின் நிலையங்கள் அமைந்தன. அருவிகளின் நீரைத் திருப்புவதற்கு அப்போதே கடும் எதிர்ப்பு எழுந்தது. பைக்காரா, குந்தா நீர்த்தேக்கங்களைக் கண்ட நமக்கு அந்த வழக்கின் இரு பக்கங்களும் புரியும்.

கேள்வி: அங்கே உள்ள ஃப்ளோம் மலை ரயில் நம்முடையதைவிடச் செங்குத்தானதா? (வாசகர், குன்னூர்)

பதில்: இல்லை. ஃப்ளோமில் ஏறும் சரிவு 18-க்கு 1, அதாவது 18 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். கல்லாறு–குன்னூர் பகுதியில் சுமார் 12-க்கு 1. அதனால்தான் நம் எஞ்சினுக்குப் பல்சக்கரமும் பல்தண்டவாளமும் வேண்டியிருந்தன. ஃப்ளோம் பாதையில் ரயில் பல்சக்கரம் இல்லாமலே, 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய 865 மீட்டர் ஏறி, பெர்கன் ரயில்பாதையிலுள்ள மீர்டால் நிலையத்தை அடைகிறது. அந்தச் சிறப்பு அதனுடையது. 20 சுரங்கங்களில் 18-ஐக் கைக்கருவிகளால் குடைந்தார்கள். ஒன்றில் பாதை மலைக்குள்ளேயே அரைவட்டமாகத் திரும்புகிறது. 1940-இல் நீராவி ரயில் ஓடத் தொடங்கி, 1944-இல் மின்சாரத்துக்கு மாறியது. குன்னூருக்கு ரயில் 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்துவிட்டதால், வயதில் நம்முடையதே மூத்தது.

பிற்காலத்தில் வந்தது 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேர்டால் சாலைச் சுரங்கம், 2000-இல் திறந்தார்கள். அதற்கு முன்பு அவுர்லாந்திலிருந்து லேர்டாலுக்குச் செல்லும் மலைச்சாலை குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டிருந்தது. ஓட்டுநருக்குக் கண் அயராமலிருக்க, சுரங்கத்துக்குள் மூன்று இடங்களில் அகன்ற குகைகளைக் குடைந்து நீல விளக்கு அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நம் மாவட்டத்தைப்போல அங்கும் சுற்றுலாக் கூட்டமா? (வாசகி, உதகை)

பதில்: ஆம், அதிலும் கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஃப்ளோமில் வந்து நிற்கும், ஒரு கப்பலில் இறங்குபவர்களே அந்த ஊராட்சியின் மக்கள்தொகையை மிஞ்சிவிடலாம். குறுகிய ஃபியோர்டில் புகை கலையாமல் தேங்குவதால், பாரம்பரியப் பட்டியலிலுள்ள ஃபியோர்டுகளில் புகை வெளியிடாத கப்பல்களையே படிப்படியாக அனுமதிப்பது என நார்வே நாடாளுமன்றம் 2018-இல் தீர்மானித்தது. அதே ஆண்டு நேரோய்ஃபியோர்டில் முழுக்க மின்கலத்தால் ஓடும் சுற்றுலாக் கப்பல் ஒன்றும் ஓடத் தொடங்கியது. நமக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் என்னும் முன்பதிவு அனுமதி முறை, வண்டிகளின் எண்ணிக்கையைக் கவனிக்கிறது. அவர்களின் விதி கப்பல் விடும் புகையைக் கவனிக்கிறது. என் கருத்தில் நீலகிரிக்கு இரண்டும் வேண்டும்.