படபடப்புக்கு என் சுபாவம்தான் காரணமா?

கேள்வி: வயது 31. சென்னை சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனையாளராகப் பணிபுரிகிறேன். அமெரிக்க வாடிக்கையாளருடன் பேசி முடித்துப் படுக்க இரவு 2 மணி ஆகிவிடுகிறது. சில மாதங்களாகத் தூக்கமில்லை, படபடப்பும் இருக்கிறது. அலுவலகப் பயிற்சியில் நிரப்பிய வினாத்தாளில் எனக்கு நேர்மறை மனப்பான்மை குறைவு என்று வந்தது. என் சுபாவம்தான் காரணமா?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். நம்பிக்கை, தன்னால் முடியும் என்ற உறுதி, நல்லதை எதிர்பார்க்கும் மனம், சறுக்கினால் மீண்டெழும் திறன் ஆகிய நான்கையும் சேர்த்து 'உளவியல் மூலதனம்' என்று விளக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஃப்ரெட் லூதன்ஸ். இவை மிகுந்தவர்களிடம் பணி அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்து இரண்டையும் அளந்தவை என்பதால், எது காரணம், எது விளைவு என்று அவற்றை வைத்துச் சொல்ல இயலாது. மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத எவருக்கும் அந்த மதிப்பெண் இறங்கக்கூடும். மேலும், இவை பிறவிக் குணங்கள் அல்ல, வளர்க்கக்கூடியவை என்பதே லூதன்ஸின் கருத்தும்.

வேலையின் சுமை மிகுந்து, அதன்மீது நமக்குள்ள பிடி குறையும்போதுதான் அழுத்தம் கூடுகிறது என்று பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். நிரல் (கோட்) தாமதமாக வந்தாலும் மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் தேதி மாறாமல், சோதனைக்கான நாட்கள் மட்டும் சுருங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சுருக்கத்தை எந்த வினாத்தாளும் உங்கள் கணக்கில் எழுதக்கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணிச்சோர்வைச் சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது.

முதலில் பொதுநல மருத்துவரிடம் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், படபடப்பை மனதின் தலையில் கட்டுவதற்கு முன் இது அவசியம். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். இரவு அழைப்புகளைக் குழுவினர் முறைவைத்து ஏற்கவும், அழைப்புக்கு மறுநாள் தாமதமாக வரவும் உங்கள் டீம் லீடிடம் எழுத்துமூலம் கேளுங்கள். தன்னம்பிக்கை சொற்பொழிவால் வளர்வதைவிட, செய்து முடித்த அனுபவத்தால்தான் அதிகம் வளர்கிறது; எனவே, அன்றாடம் முழுமையாக முடிக்கக்கூடிய ஒரு சிறு பணியைத் தேர்ந்து முடியுங்கள்.

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.