கை தூக்கியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் மேலாண்மை கற்பிக்கிறேன். தொழில் தொடங்க ஆர்வமுண்டா என்று முதலாண்டில் கேட்டால் பாதிக்கு மேல் கை தூக்குகிறார்கள். இறுதியாண்டில் அதே வகுப்பு வேலை நேர்காணலுக்கு வரிசையில் நிற்கிறது. குடும்பத்தைச் சார்ந்து வாழும் பண்பாடு துணிவைக் கொன்றுவிடுகிறது என்று, நாடுகளின் பண்பாடுகளை ஒப்பிடும் ஹாஃப்ஸ்டீடின் அளவுகோல்களை வைத்துக் கட்டுரை எழுத எண்ணம். சரிவருமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஹாஃப்ஸ்டீடின் அடித்தளம் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய பதில்கள். எல்லோரும் சம்பளக்காரர்கள்! நாடுகளை ஒப்பிடும் சராசரியைத் தனிமனிதர்மேல் பொருத்தக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

உளவியலாளர் ஐசென் 1991இல் விரித்துரைத்த கோட்பாடு உங்களுக்கு இன்னும் உதவும். ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றைப் பொறுத்தது என்கிறார்: அது எனக்குப் பிடிக்கிறதா, நெருங்கியவர்கள் என்ன சொல்வார்கள், என்னால் முடியுமா. இதை ஸ்பெயின், தைவான் மாணவர்களிடம் சோதித்து லின்யானும் சென்னும் 2009இல் எழுதினார்கள். நெருங்கியவர்களின் கருத்து எண்ணத்தை நேரே தொடவில்லை. மற்ற இரண்டின் வழியாகவே உள்ளே போயிருந்தது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. வீட்டில் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கவே மாட்டார்கள். நொடித்துப்போன ஒரு உறவினரைப் பற்றிப் பத்து வருடம் பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். பையன் ‘எனக்கு அதெல்லாம் வராது’ என்பான், தன் சொந்தக் கருத்தாகவே. ‘வீட்டில் எதிர்ப்பு உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று எழுதிக்கொடுப்பான்.

துணிவில்லை என்பதும் அவசரத் தீர்ப்பு. 54 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 2018ஆம் ஆண்டின் கெஸ் (GUESSS) என்ற மாணவர் தொழில்முனைவு ஆய்வில், படிப்பு முடிந்த கையோடு தொழில் என்றவர்கள் 9 சதவீதம். ஐந்தாண்டு கழித்து என்றவர்கள் ஏறத்தாழ 35. உங்கள் வரிசையிலும் ஒத்திப்போட்டவர்கள் இருப்பார்கள்.

இன்னொன்று. நீங்கள் குற்றம்சாட்டும் அதே குடும்பம்தான் பல இடங்களில் முதல் முதலீடு, சம்பளம் கேட்காத முதல் ஆள், கடனுக்கு ஜாமீன். நட்டமும் அவன் ஒருவனோடு போவதில்லை. அவன் தயங்குவதில் கணக்கு இருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றிப் பாருங்கள். ஆர்வமுண்டா என்பதை விடுங்கள். ‘எல்லாம் போய் நின்றால் முதலில் யாரிடம் சொல்வாய், அவர் என்ன சொல்வார்?’ என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.