ஒன்ராறியோவில் 'நோ-ஃபால்ட்' என்றால் கார் திருத்தும் காசை யார் தருவது?

கேள்வி: சிவப்பு லைட்டில் நின்ற என் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். நோ-ஃபால்ட் என்பதால் யாரிலும் பிழை இல்லையாம், என் இன்சூரன்ஸ் கொம்பனியிடமே கேட்கச் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: உங்கள் கொம்பனியிடம் கேட்பது சரி; நோ-ஃபால்ட் என்பதன் பொருள் அவ்வளவுதான். யாரிலும் பிழை இல்லை என்பது பிழையான கதை. பிழை யாரில் என்று சதவீதம் போட்டுப் பிரிப்பார்கள். அதற்கென்றே 668ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. பின்னால் வந்து இடித்தால் இடித்தவரில்தான் முழுப் பிழை. சினோ (பனி) வழுக்கியது, இருட்டாக இருந்தது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

உங்களில் பிழை இல்லாத அளவுக்கு உங்கள் காரின் சேதத்தை உங்கள் கொம்பனியே கட்டும். இந்தக் கவரேஜை டி.சி.பி.டி (Direct Compensation – Property Damage) என்பார்கள். திருத்தும் நாட்களுக்கு வாடகைக் காரும் இதில் கேட்கலாம். பிழை உங்களில் இல்லாதபடியால் இதற்காக உங்கள் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது.

எனக்கும் ஸ்காபரோவில் இப்படித்தான் நடந்தது. இடித்த பெடியன் நடுங்கிக்கொண்டு, "அண்ணா, இன்சூரன்ஸுக்குப் போக வேண்டாம், ஐந்நூறு டொலர் தாறன்" என்றான். பாவமாக இருந்தது. பம்பரில் ஒரு கீறலும் விரலளவு வெடிப்பும்தான் தெரிந்தன. கை நீட்டி வாங்கப் போய்விட்டேன். மனைவிதான் தடுத்தாள். கராஜில் பம்பரைக் கழற்றினால், உள்ளே இருந்த இரும்புச் சட்டம் வளைந்திருந்தது, ரிவேர்ஸ் சென்சர் இரண்டும் உடைந்திருந்தன. ஐந்நூறு சென்சருக்கே காணாது. வீதியில் காசு வாங்கி விஷயத்தை முடிக்காதீர்கள் என்று பார்க்கிற எல்லோருக்கும் சொல்வது அதனால்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. மச்சான் இடப்பக்கம் திரும்பும்போது நேரே வந்த காரில் அடித்துவிட்டார். 100 வீதம் அவரில் பிழை. பிழை தன்னில் என்றாலும் தன் காரின் சேதத்துக்குக் காசு தருவது கொலிஷன் கவரேஜ். பழைய கார்தானே என்று அதை முன்பே வேண்டாம் என்று நீக்கிவிட்டிருந்தார். மற்றவருக்கு அந்த மற்றவரின் கொம்பனியே கொடுத்தது, மச்சானுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் காரில்தான் அவர் இரவு வேலைக்குப் போய் வந்தார். கொலிஷன் இருந்திருந்தால் டிடக்டிபிள் (நாமே கட்ட வேண்டிய பங்கு) போக மீதி வந்திருக்கும்.

2024 ஜனவரி முதல் டி.சி.பி.டியையும் வேண்டாம் என்று விடலாம். தயவுசெய்து விடாதீர்கள். அதை விட்டவர், பிழை முழுக்க மற்றவரில் என்றாலும் தன் காரைத் தன் காசில்தான் திருத்த வேண்டும். இடித்தவர்மேல் அந்தச் சேதத்துக்கு வழக்கும் போட முடியாது.

சரி, இப்போது உங்கள் வேலை: ஏழு நாளுக்குள் கொம்பனிக்கு அறிவியுங்கள். மற்றவரின் நம்பர் பிளேட்டும் பொலிசி இலக்கமும் கையில் இருக்க வேண்டும். இடித்த கார் எது, அதற்கு இன்சூரன்ஸ் உண்டா என்று தெரிந்தால்தான் டி.சி.பி.டி வேலை செய்யும்.