கடவுள் இருக்கார், இல்லைன்னு யாராலயாவது நூறு சதவீதம் உறுதியா சொல்ல முடியுமா?

முடியாதுன்னுதான் நான் சொல்வேன். உறுதின்னு சொல்றப்ப ரெண்டு விஷயம் கலந்துடுது, ஒண்ணு மனசுக்குள்ள வர்ற திடம், இன்னொண்ணு யார் செக் பண்ணாலும் மாறாத நிரூபணம். சிங்கப்பூர்ல தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி எடுக்கிறவருக்கு முதல் வகை நிறையவே இருக்கும், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா ரெண்டாவது வகை வேற.

ஏன்னா கடவுள் உலகத்துக்கு அப்பாற்பட்டவர்னு சொல்லிட்டா அவரை எந்த டெஸ்ட் வச்சுப் பிடிக்கிறது? தேடிக் கிடைக்கலன்னாலும் இல்லைன்னு ஆகாது, ஒருத்தருக்கு அனுபவம் கிடைச்சாலும் அதை அடுத்தவர் கையில எடுத்துக் குடுக்க முடியாது. (இந்தத் தேதியில உலகம் அழியும்னு சொல்றாங்களே, அது வேற கேஸ், தேதி வந்தா தெரிஞ்சிடும்.) நாத்திகத்துக்குப் பேர்போன ரிச்சர்ட் டாக்கின்ஸே 1லேர்ந்து 7 வரைக்கும் ஒரு ஸ்கேல் போட்டு, 7ன்னா கடவுள் இல்லவே இல்லைன்னு வச்சு, 2006ல தன்னை 6லதான் போட்டுக்கிட்டார், 7 பக்கம் சாய்ஞ்ச 6.

பஸ் ஆப்ல 2 நிமிஷம்னு காட்டுது, பஸ் கண்ணுக்கே தெரியல, ஆனாலும் புளோக்லேர்ந்து இறங்கி ஓடுறோம்ல, அதே மாதிரிதான் இதுவும், முழு உறுதி இல்லாமலே முடிவெடுத்துட்டுப் போறோம். 2020 சென்சஸ்ல இங்க 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 20 சதவீதம் பேர் மதம் இல்லைன்னாங்க, அவங்க மட்டும் நிரூபிச்சுட்டா சொன்னாங்க?

உறுதியா தெரியாதுன்னா ரெண்டு பக்கமும் சரிபாதி வாய்ப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஒரு பக்கம் நல்லாவே சாய்ஞ்சிருந்தும் முழு உறுதி இல்லாம இருக்கலாம்.