சர்வேயில் பதில் தராதவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடலாமா? பேயீசியன் முறை அவசியமா?

நீக்கிவிடச் சொல்லி உங்கள் வழிகாட்டி அறிவுறுத்தியிருப்பார். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். பதில் விடுபடுவது முற்றிலும் தற்செயல் என்றால் பெரிய கேடில்லை. ஆனால் வருமானத்தைச் சொல்ல மறுப்பவர்கள் அப்படித் தற்செயலாக அமைவதில்லை.

நான் பணியாற்றிய ஒரு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், சொந்தத் தொழில் செய்வோரின் வருமானக் கட்டங்களே அதிகம் வெறுமையாக இருந்தன. சராசரியை இட்டு நிரப்புமாறு மேலதிகாரி சொன்னார். அப்படிச் செய்தால் பரவல் செயற்கையாகச் சுருங்கி, திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு) உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே, புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1987-இல் நூலாக விரித்தெழுதிய பேயீசியன் வழியில் (தெரியாத மதிப்பை ஒரே எண்ணாகக் கொள்ளாமல், இருக்கும் தரவைக் கொண்டு நிகழ்தகவுப் பரவலாகக் கொள்ளும் முறை), தொழில், செலவு, வீட்டு வசதி ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் நிகழ்தகவுப் பரவலிலிருந்து பல மதிப்புகளை எடுத்து, பல முழுமையான கோப்புகளை உருவாக்கி, தனித்தனியே கணக்கிட்டு ஒருங்கிணைத்தேன். "இல்லாத தரவை நீங்களே உண்டாக்குகிறீர்களா?" என்றார் அவர். சராசரியும் உண்டாக்கப்பட்டதுதானே! என் கோப்புகள் தமக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதாவது திட்டப்பிழையில் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் குடும்ப நிதிக் கணக்கெடுப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வாறு 5 பதிவுகளை வெளியிடுவதைக் காட்டிய பின்னரே ஒப்புக்கொண்டார்.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்வதாக எவரும் சண்டைக்கு வர வேண்டாம். 1990 டிசம்பர் 23 அன்று, அப்போது யுகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த ஸ்லோவேனியாவில் நடந்த விடுதலை வாக்கெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் 2,074 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. வாக்களிக்க வராதோரும் எதிர்ப்பாளர்களாகவே கொள்ளப்படும் நிலை. 'தெரியாது' என்றோரையும் எதிர்ப்பில் சேர்த்தால் ஆதரவு 69.4 விழுக்காடு, முழுமையற்ற படிவங்களை நீக்கினால் 92.8. ஒருவர் தந்த மற்றப் பதில்களைக் கொண்டு விடுபட்டதை விளக்கலாம் என்ற எடுகோளில் ரூபின் குழுவினர் பெற்றது 88.3, வாக்கெடுப்பின் முடிவு 88.5. ஆனால் சொல்லாத பதிலே விடுபடுதலுக்குக் காரணம் என்று கொண்ட அவர்களது மற்றொரு கணித மாதிரி 78.2 என்று விலகிப்போனது. இரண்டில் எது பொருந்தும் என்பதைத் தரவு மட்டும் சொல்லாது. இரண்டையும் இட்டுப் பார்த்து, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்பதை உங்கள் ஆய்வேட்டில் காட்டுங்கள்.

களப்பணியாளர்களுக்கு நிரப்பிய படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி தரும் வழக்கம் இருக்கும்வரை, பதில் ஏன் வரவில்லை என்று பிரித்தெழுத அவர்களுக்கு ஊக்கமில்லை; 'மறுத்தார்', 'தெரியாது', 'வீடு பூட்டியிருந்தது' மூன்றும் ஒரே குறியீட்டில் வந்து விழும். கணித மாதிரியைத் தேடுமுன் மூலப் படிவங்களை வாங்கி அவற்றைப் பிரித்து வையுங்கள்.